உப்பளக் கரையில் ஜாகை

குடும்பத்துடன் முதல் தடவையாக ஒரு புது இடத்துக்குக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் காரியத்தைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் ஜாகையை நிச்சயம் செய்துகொள்கிறார்கள், அங்கே போய்ப் பெட்டி படுக்கையை இறக்கிய பிறகு, "இந்த ஊரில் பார்க்கத் தகுந்தது என்ன?" என்று விசாரிக்கிறார்கள். மெத்தை எப்படி, குளிர்சாதனம் உண்டா, காப்பி நன்றாயிருக்குமா என்பனவெல்லாம் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே தீர விசாரித்தாகி விடுகிறது. அந்த ஊர்த் தரை எப்படிப்பட்டது, அது எந்த வேளையில் தன் முகத்தைக் காட்டும் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. மலைக்குப் போகிறவர்களுக்கு இதனால் வரும் நஷ்டம் கொஞ்சந்தான். மலை நாள் முழுவதும் அங்கேயே நிற்கிறது. மரக்காணத்து உப்பளத்துக்குப் போகிறவர்களுக்கோ, போன காரியமே கெட்டுப் போகும்.

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சுமார் 120 கிலோமீட்டர். புதுச்சேரியிலிருந்து வடக்கே சுமார் 35 கிலோமீட்டர். மூவாயிரம் ஏக்கருக்கு மேல் உப்புப் பாத்திகள் அங்கே பரந்து கிடக்கின்றன. தமிழ்நாட்டு உப்பு என்றதும் தூத்துக்குடியும் வேதாரண்யமும் முதலில் நாவில் வரும். அவற்றுக்கு அடுத்தபடி பேர் சொல்ல வேண்டியது மரக்காணம். ஆயினும் அந்தச் சாலையில் பறக்கும் மோட்டார்களில் நூற்றுக்கு ஒன்று அங்கே நின்றால் அதிசயம். ஜன்னலோரத்துக் குழந்தை, "அப்பா, அதோ பனிமலை!" என்று கூவுகிறது. அப்பா திரும்பிப் பார்ப்பதற்குள் வெள்ளைக் குவியல்கள் பின்னால் போய்விடுகின்றன. பிறகு புதுச்சேரி வந்து விடுகிறது.

பனிமலை என்று குழந்தை சொன்னது வெறும் பேச்சல்ல. இக்காலத்தில் நம்மவர்களில் வசதி படைத்தவர்கள் காஷ்மீரத்துக் குல்மார்க்குக்கும் உத்தராகண்டத்து ஆலிக்கும் போய்ப் பனிச்சறுக்குப் பழகி வருகிறார்கள். பழகட்டும்; இமயம் முதல் குமரி வரை நம்முடைய தேசந்தானே! அங்கே புதியவர்களுக்கு அநுபவஸ்தர்கள் சொல்லும் யோசனை இரண்டு. சரிவு குறைந்த தரையில் தொடங்க வேண்டும். அந்தத் தரைக்கு நடந்து போகக் கூடிய தூரத்தில் அறை எடுக்க வேண்டும். ஐரோப்பாவின் சறுக்கு மலைகளில் எந்தச் சரிவு யாருக்கு ஏற்றது என்று பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என நிறம் குறித்து வைத்திருக்கிறார்கள். குல்மார்க்கில் கயிற்று வண்டி இரண்டு கட்டமாக ஏறுகிறது. இரண்டாவது கட்டம் அபர்வாட் மலையில் 3,900 மீட்டருக்கு மேல் கொண்டு போய் இறக்கிவிடும். நேற்று வந்தவர் அங்கிருந்து சறுக்கப் புறப்படுவது தகாது என்று நாம் சொல்லத் தேவையில்லை. ஜாகை விஷயத்தில் ஆலிக்குச் செல்லும் வழியிலுள்ள ஜோஷிமட் நமக்கு ஒரு பாடம். 2023-ஆம் வருஷம் ஜனவரி மாதம் அவ்வூரில் நிலம் அமிழ்ந்து நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் கண்டது. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்ற இரண்டு ஹோட்டல் கட்டடங்களை இடிக்க உத்தரவாயிற்று. தரை தாங்குமா என்று கேளாமல் மாடி மேல் மாடி எழுப்பினால் தரை தானே பதில் சொல்லி விடுகிறது.

மரக்காணத்தில் நிறக் கொடிகள் நட்டு வைக்கவில்லை. ஆனால் அங்கும் தரைக்குத் தரம் உண்டு. வேளைக்கும் தரம் உண்டு. இரண்டையும் அறிந்துகொள்ள உப்பு விளையும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புச் சத்துகள் கரைந்திருக்கின்றன. நாம் சோற்றில் போட்டுக்கொள்ளும் உப்பு அதில் முக்காற் பங்குக்குச் சற்று அதிகம். கழியிலிருந்து நீரை முதலில் பெரிய தேக்கத்தில் விட்டு, அங்கிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பாத்திகளுக்குக் கடத்துகிறார்கள். வெயிலும் காற்றும் நீரைக் குடிக்கக் குடிக்க மிஞ்சியது கனத்துக்கொண்டே வருகிறது. முதலில் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்ஸமும் அடியில் தங்கும். பத்துப் பங்கு நீர் ஒரு பங்காகச் சுருங்கும் தறுவாயில்தான் உப்பு மணி கட்டத் தொடங்கும். அதற்கும் மேல் வற்றவிட்டால் மக்னீஷியச் சத்து சேர்ந்து உப்பு கசந்து போகும். ஆகையால் அந்தக் கசப்பு நீரை வேளை தவறாமல் வடித்துவிட வேண்டும். படித்தவர்கள் கருவி வைத்து அளந்து கண்டுபிடிக்கும் இந்தப் பதத்தை, அளத்திலே வளர்ந்தவர்கள் நீரின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள்.

உப்பு விளையும் அந்தக் கடைசிப் பாத்தியின் தரை இருக்கிறதே, அதுதான் அளத்தின் உயிர். வருஷந்தோறும் மழைக் காலம் முடிந்ததும் சேற்றை வாரி, வரப்புகளைச் சீர்திருத்தி, களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துகிறார்கள். பல நாள் மிதித்த பிறகே அது சிமிண்டுத் தரை போல் உறுதியாகிறது. அதன்மேல் விளையும் உப்பைத்தான் மண் கலக்காமல் பலகையால் வார முடியும். நகரத்திலிருந்து வந்த ஒருவர் பூட்ஸுக் காலுடன் அதில் இறங்கி, வெண்மையின் நடுவே நின்று படம் பிடித்துக்கொண்டு போனால், அவர் குதிகால் பதிந்த ஒவ்வொரு இடத்திலும் சேறு மேலே வரும். அந்த இடத்து உப்பு கறுக்கும். கறுத்த உப்புக்கு விலை இல்லை. படம் எடுத்தவருக்கு இது தெரியவே தெரியாது.

எனவே தரையைத் தேர்ந்தெடுப்பதில் நமது யோசனை இது. குழந்தைகளும் வயோதிகர்களும் வண்டிகள் போகும் அகலமான மண் பாதையோடு நிற்கட்டும். உப்பு அம்பாரங்கள் அதன் ஓரமாகவே இருக்கும். பார்க்க வேண்டியதில் பெரும்பகுதியை அங்கிருந்தே பார்த்துவிடலாம். கால் உறுதியுள்ளவர்கள் மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு உள் வரப்புகளில் நடக்கலாம். ஒருவர் பின் ஒருவராய், வேலை செய்கிறவர்களுக்கு வழி விட்டு நடக்க வேண்டும். தலையில் கூடையுடன் எதிரே வரும் அம்மாளுக்கு ஒதுங்கி நிற்கிற இடம் அந்த வரப்பில் இராது, திரும்பி நடக்க வேண்டியவர் நாம்தான். பாத்திக்குள் யாராவது உங்களை அழைத்தாலொழிய இறங்காதீர்கள். அழைத்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குங்கள். காலில் வெட்டுக் காயம் இருந்தால் இறங்காதிருப்பதே உத்தமம். உப்பு மணியின் ஓரம் கண்ணாடிச் சில்லு போன்றது. நமக்கு ஒரு நாள் எரிச்சல். அங்கே உழைப்பவர்களுக்கோ அந்த வெடிப்பும் புண்ணும் பருவம் முழுவதும் உண்டு. கழியோரத்துச் சேற்றுத் தரை யாருக்கும் ஏற்றதன்று. மேலே காய்ந்தது போல் தோன்றி முழங்கால் வரை இழுத்துக்கொள்ளும். பனிமலைக்காரர்கள் பாஷையில் சொன்னால் அது கறுப்புச் சரிவு.

இன்னொரு விஷயத்திலும் உப்பு பனிக்கு உறவு. இரண்டும் வெயிலைத் திருப்பி முகத்தில் வீசும். காலை ஒன்பது மணிக்கு மேல் அளத்தில் வெறுங்கண்ணால் நிற்க முடியாது. உப்பளத் தொழிலாளர்களைக் கண் நோய் பிடித்து வருத்துவதற்கு இந்தக் கூச்சமே முக்கிய காரணம். இதனாலேயே அவர்கள் விடியுமுன், பல நாட்களில் பின்னிரவிலேயே, விளக்கு வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குகிறார்கள். நீங்கள் ஹோட்டலில் இட்டிலி சாப்பிட்டு எழுந்திருக்கும் நேரத்தில் அங்கே வாரும் வேலை முடிந்து விடும். பிறகு காண்பதற்குக் கண்ணைப் பறிக்கும் வெள்ளை வெளி ஒன்றுதான் மிச்சம், மனிதர்கள் இரார். உப்பளத்தைப் பார்த்தேன் என்று ஊருக்குத் திரும்பி ஒருவர் சொன்னால், எத்தனை மணிக்குப் பார்த்தீர் என்று கேட்டால் போதும். என்ன பார்த்தார் என்பது தெரிந்துவிடும்.

இப்போது ஜாகைக்கு வருவோம். வழக்கமாக எல்லோரும் தேடுவது புதுச்சேரி. அங்கே எல்லாத் தரத்திலும் விடுதிகள் உண்டு, ஆகாரத்துக்குக் குறைவில்லை, மாலையில் கடற்கரையில் உலாவலாம். ஆனால் அங்கே தங்கினால் விடியலில் அளத்தில் இருப்பதற்கு மூன்றரை மணிக்கு எழுந்து நாலு மணிக்கு வண்டி ஏற வேண்டும். குழந்தைகளை அந்நேரத்தில் எழுப்பிப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். திண்டிவனத்திலும் விடுதிகள் உண்டு. ரயிலில் வருகிறவர்களுக்கு அதுவே சமீபத்து ஸ்டேஷன். ஆயினும் அங்கிருந்தும் மரக்காணம் ஏறக்குறைய அதே தூரந்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்தில் கடலைப் பார்த்துக் கட்டிய உல்லாச விடுதிகள் பல இருக்கின்றன. தொகை பெரிது; நீச்சல் குளத்தில் நன்னீர் ததும்பும். உப்புத் தரைக்கு நடுவே அந்த நன்னீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருவர் கேட்டால் மானேஜருக்குச் சற்று முகம் வாடலாம். கேட்கத்தான் வேண்டும். கடலோரக் கிராமங்களில் நிலத்தடி நீரை மிதமிஞ்சி இறைத்தால் கடல் உள்ளே வந்துவிடும். பக்கத்துக் குப்பத்துப் பெண்கள் குடத்துடன் வரிசையில் நிற்கும்போது நாம் நீச்சலடிப்பது அழகல்ல.

முதல் தடவை போகிறவர்களுக்கு நமது சிபாரிசு, மரக்காணம் ஊருக்குள்ளேயே அல்லது அதை ஒட்டிய சிற்றூர்களில் ஓர் இரவு தங்குவதுதான். அங்கே இருப்பவை எளிய விடுதிகள். விளக்கும் மின்விசிறியும் இருக்கும், அலங்காரம் இராது. ஆனால் பத்து நிமிஷத்தில் அளத்தின் கரையில் இருக்கலாம். அறை அமர்த்துமுன் நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்: குடிநீர் எது, கொசுவலை உண்டா, பின்னிரவில் கதவைத் திறந்துவிட ஆள் இருப்பாரா, திரும்பி வந்ததும் கால் கழுவ நல்ல தண்ணீர் கிடைக்குமா? ஸ்திரீகளும் குழந்தைகளும் உடன் வந்தால் மற்றொன்றும் முக்கியம். அளத்தில் கழிப்பிடம் கிடையாது. நமக்கு இரண்டு மணி நேரத்துச் சங்கடமான இதை அங்கே வேலை செய்யும் பெண்கள் தினந்தோறும் அநுபவிக்கிறார்கள். இதைப் பற்றிச் சர்க்காருக்கு எழுதுவதற்குக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அதிக உரிமை உண்டு. அளங்களில் பெரும்பகுதி சர்க்கார் நிலமாய்க் குத்தகைக்கு விடப்பட்டது என்பதையும் அந்தக் கடிதத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

வழிப்போக்கனுக்கு எங்கே போவது, எங்கே தங்குவது, எந்தத் தரையில் என்ன ஆகாரம் கிடைக்கும் என்று சொல்லும் வித்தை நமக்குப் புதிதன்று. ஆற்றுப்படை என்று ஒரு நூல்வகையையே அதற்காக நம் முன்னோர் வகுத்து வைத்தார்கள். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் பாணனை அனுப்பும் சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் என்னும் கடற்கரை ஊர் வருகிறது. அது இந்த மரக்காணமே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். நெய்தல் நிலத்தில் சுட்ட மீனும், மருத நிலத்தில் சோறும் நண்டுக் கறியும் என்று தரைக்குத் தரை விருந்து மாறுவதைப் புலவர் எவ்வளவு அக்கறையாகக் குறிக்கிறார்! உப்பு வண்டியில் ஊர் ஊராய்ப் போகும் உமணர்களின் பிள்ளைகளுடன் அவர்கள் வளர்த்த குரங்கு, முத்தைச் சிப்பியில் இட்டுக் கிலுகிலுப்பையாக்கி விளையாடுகிற காட்சியும் அந்நூலில் உண்டு. கடற்கரை விடுதிகளில் வடநாட்டு ரொட்டி கேட்டு வாங்குகிற நம் குடும்பங்கள், ஊர்ச் சாப்பாட்டை ஒரு வேளையாவது உண்டு பார்க்கலாம். சைவர்களுக்கும் கவலை இல்லை. மரக்காணத்தில் சோறும் மோரும் யாருக்கும் இல்லையென்று போகாது.

வழிப்போக்கனுக்கு இடம் கொடுப்பதையே குற்றமாக்கிய காலமும் நம் தேசத்தில் இருந்தது. 1930-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜியின் தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார்கள். அவர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று தஞ்சை ஜில்லாக் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சாலையோரத்து மரக்கிளைகளில் சோற்று மூட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டார்கள். மரத்தை யார் கைது செய்வது! தொண்டர்கள் ஏப்ரல் 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30-ஆம் தேதி உப்பெடுத்து ராஜாஜி சிறை புகுந்தார். ஜாகை கொடுத்ததற்காகச் சிறை சென்றவர்கள் உள்ள தேசத்தில், உப்பளத்துக்குப் பக்கத்து ஊரில் ஓர் இரவு கொசுக்கடியுடன் தங்குவதைப் பெரிய தியாகமாக யாரும் எண்ணமாட்டார்கள் என்று நம்புகிறோம்.

எப்போது போவது என்பதில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. உப்புக்கு வெயில் வேண்டும். பறவைக்கு நீர் வேண்டும். மரக்காணத்துக்குத் தென்மேற்கே கழுவெளி என்னும் பெரிய உவர்நீர் ஏரி பரந்திருக்கிறது. 2021 டிசம்பரில் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024-ஆம் வருஷம் உலகப் புகழ் பெற்ற ஈர நிலங்களின் ராம்சர் பட்டியலிலும் அது இடம் பெற்றது. வடகிழக்குப் பருவ மழையில் அது நிறையும். பனிக் காலத்தில் பூநாரையும் கூழைக்கடாவும் தொலைதேசத்து வாத்துகளும் வந்து இறங்கும். கோடையில் தரை வெடித்துவிடும். உப்போ ஜனவரியில் பராமத்து தொடங்கிச் சில வாரங்களுக்குப் பின்னரே வாரலுக்கு வரும். மழை தொடங்கும் வரை நீடிக்கும். பொங்கல் விடுமுறையில் போனால் பறவை உண்டு, உப்பு இல்லை. மே மாதம் போனால் உப்பு உண்டு, பறவை இல்லை. வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரண்டும் கூடி இருப்பது மாசி மாதத்தில். பள்ளிக்கூடத்துப் பரீட்சைகளும் அப்போதுதான் நெருங்கும்! மாசி முதல் வாரத்தில் ஒரு சனி ஞாயிறைத் திருடிக்கொள்ளுங்கள் என்பதே நாம் சொல்லக் கூடியது. சதுரமான உப்பு மணி எப்படிக் கட்டுகிறது என்று நேரில் பார்த்த பையன் இரசாயனப் பரீட்சையில் அதற்காக மார்க்கு இழக்கமாட்டான்.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் போகாதீர்கள். 2020 நவம்பரில் நிவர் புயல் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிற்று. 2024 நவம்பர் 30-ஆம் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது இந்தப் பிரதேசம் முழுவதும் வெள்ளக்காடாகி, அளங்களும் கழியும் ஒன்றாயின. அம்மாதங்களில் அங்கே நம்மை உபசரிக்க யாருக்கும் மனமிராது. வேலை இல்லாத காலம் அது.

இரண்டாம் நாள் மீதியிருந்தால் வடக்கே கடப்பாக்கத்துப் பக்கம் ஆலம்பரைக் கோட்டைக்குப் போய் வரலாம். 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760-இல் இங்கிலீஷ்காரரால் இடிக்கப்பட்ட செங்கல் கோட்டை. 2004-ஆம் வருஷத்து ஆழிப் பேரலையிலும் சேதமுற்றது. பழைய மதில்களின்மேல் ஏறுவது நல்லதல்ல. முகத்துவாரத்தில் நீரோட்டம் கடுமையாயிருக்கும், குளிக்கக் கூடாது. ஊருக்குள்ளேயே இருக்க விரும்புகிறவர்களுக்குச் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ள பூமீசுவரர் கோயில் இருக்கிறது. காலையில் அளமும் மாலையில் கோயிலுமாக ஒரு நாளை வைத்துக்கொண்டால் குழந்தைகளுக்கும் களைப்பிராது.

திரும்பும்போது ஒரு பிடி கல்லுப்பு கேட்டு வாங்கி வராத வீட்டம்மாள் இரார். கேளுங்கள், தாராளமாகக் கொடுப்பார்கள். காசு கொடுத்து வாங்குவது இன்னும் முறை. ஆனால் அதில் அயோடின் சேர்த்திராது. அயோடின் சேராத உப்பை உணவுக்கென்று விற்பதைச் சட்டம் 2006 முதல் தேசமெங்கும் தடுத்திருக்கிறது. தினசரிச் சமையலுக்கு வீட்டிலுள்ள உப்பே இருக்கட்டும். அளத்து உப்பைக் கண்ணாடிக் குப்பியில் இட்டு மூடி வைத்துவிட்டு, குழந்தைகளிடம் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுங்கள்.